பலகையில் பதினேழாவது வரி

மார்ச் 3

அக்கா,

உட்கார்ந்துட்டு படி, பெரிய நியூஸ்: ரைட்டிங்ல எனக்குப் பூஜ்யம் போட்டு, அதை நான் கண்ணால பாக்கிறதுக்கு முன்னாடியே நாலு யூனிவர்சிட்டிக்கும் அனுப்பிட்டானுங்க.

பூஜ்யம்க்கா. முப்பதுக்குப் பூஜ்யம். பேரை மட்டும் எழுதி வச்சுட்டு தூங்கிட்டு வந்திருந்தாக்கூட பாவம் பாத்து அஞ்சு போட்டிருப்பாங்கன்னு அம்மா சொல்றாங்க. மத்ததெல்லாம் பாரு. ரீடிங் 27, லிசனிங் 28, ஸ்பீக்கிங் 26. எந்த கோச்சிங்கும் போகாம, யாரும் சொல்லிக் குடுக்காம, ஒரே ஒரு இங்கிலீஷ் சீரியலை இருநூத்திப் பன்னெண்டு எபிசோடு பாத்து, அத்தனைக்கும் உட்கார்ந்து தமிழ்ல சப்டைட்டில் வரி போட்டுக் கத்துக்கிட்ட இங்கிலீஷ். அந்த ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பாளரம்மா துப்பறிவாங்கல்ல, அந்த சீரியல். நீ ரெண்டு எபிசோடு பாத்துட்டு "என்னடி, இந்தம்மா மைக்கை விட்டு எழுந்திருக்கவே மாட்டாங்களா"ன்னு கேட்டியே. அவங்கதான் எனக்கு டீச்சர்.

பரீட்சை நடந்த ரூமைச் சொல்றேன் கேளு. ஹெட்ஃபோன்ல காதுல படுற பஞ்சு ஈரமா இருந்துச்சு. எனக்கு முன்னாடி எழுதினவனோட வேர்வை. பக்கத்து சீட்டுக்காரன் டைப் அடிக்கிறது கடாயில கடுகு வெடிக்கிற மாதிரி. அதையெல்லாம் சகிச்சுக்கிட்டு எழுதினேன். கேள்வி இதுதான்: உங்க ஊர் பழைய பஸ் ஸ்டாண்டை மூடிட்டு கடைத்தெரு கட்டப் போறாங்க, சரியா தப்பா. எனக்கு அது அல்வா. முப்பது நிமிஷத்துல இருபத்தாறுல முடிச்சுட்டு, மிச்சம் நாலு நிமிஷம் கமா பாத்தேன்.

உனக்கு எதுக்கு எழுதறேன்னா, நீ அங்கதான உக்காந்திருக்க. அந்த மார்க் போடுற கம்பெனியில இருக்கிற நீ, நான் பரீட்சைக்குப் பணம் கட்டினப்ப என்ன சொன்ன? "பரீட்சை எழுதுறவங்களோட ஃபோன்ல பேசக்கூடாது, மெசேஜ் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், சீசன் முடியிற வரைக்கும் என்னைத் தேடாத"ன்னு. பேப்பர்ல எழுதின லெட்டரை யாரும் சோதிக்க மாட்டாங்கதானே. அதான் பேனா வாங்கிட்டு வந்து எழுதறேன். கை வலிக்குது. அழிக்கணும்னா கோடு போட வேண்டியிருக்கு, அசிங்கமா இருக்கு.

பூஜ்யத்துக்குப் பக்கத்துல குட்டியா 9னு ஒரு நம்பர் இருக்கு. அது என்னன்னு வெப்சைட்ல எங்கயும் இல்ல. என் நம்பரோட கடைசி நாலு இலக்கம் 4416. எழுதினது பிப்ரவரி 15. நாலுல ஒரு யூனிவர்சிட்டியிலதான் மொழிபெயர்ப்புப் படிப்பு இருக்கு, அதுக்கு ஒவ்வொரு பகுதியிலயும் 24 வேணும். மார்ச் 31 லிஸ்ட் போடுறாங்க. 24 இல்லாதவங்களை எல்லாம் "அடிப்படை ஆங்கிலம்"னு ஒரு வருஷக் கிளாசுல தள்ளிடுவாங்க, அந்த சீட்டு வேற ஆளுக்குப் போயிடும். அதுக்கப்புறம் அந்த சீட்டுக்கு மறுபடி கேக்கவே முடியாது.

அந்த 9 என்னன்னு மட்டும் சொல்லு.

குருவி

·

மார்ச் 8

குருவி,

உன் கடிதம் வந்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சித்தியும் நீயும் நினைப்பதுபோல நான் இங்கே பெரிய அதிகாரி இல்லை. முப்பது திரைகள் உள்ள ஒரு நீள அறையில் பதினான்காவது நாற்காலி எனக்கு. கைபேசியைக் காலையில் வாசலில் பெட்டியில் போட்டுவிட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். எங்கள் அறைப் பொறுப்பாளர் மேடம் புதுப்பித்தால்.

மார்க் எப்படி வருகிறது என்று சொன்னால்தான் 9 புரியும். ரீடிங்கும் லிசனிங்கும் இயந்திரம் திருத்துகிறது. நீ நாற்பதில் முப்பத்தாறு சரியாகப் போட்டிருப்பாய். அது ஓர் அட்டவணையில் 27 ஆக மாறும். ஒவ்வொரு வினாத்தாளுக்கும் அட்டவணை வேறு. கடினமான தாள் என்றால் அதே முப்பத்தாறு 28 ஆகும். ரைட்டிங்கை மட்டும் மனிதர்கள் திருத்துகிறோம். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஐந்துக்கு மார்க் போடுவோம். சராசரி நாலு என்றால் 25, நாலரை என்றால் 28.

கேட்க அழகாக இருக்கும். உள்ளே வந்து பார். ஒரு கட்டுரைக்குத் தொண்ணூறு விநாடி. திரையின் மூலையில் கடிகாரம் ஓடும். பத்துக் கட்டுரைக்கு ஒன்று எங்களுக்கு வைக்கும் கண்ணி. பெரியவர்கள் முன்பே மார்க் போட்டுவைத்த தாள், எது என்று எங்களுக்குத் தெரியாது. அதில் அவர்கள் மார்க்கிலிருந்து மூன்று முறை விலகினால் நாற்காலி போய்விடும். அதனால் சந்தேகம் வந்தால் எல்லோரும் மூன்றை அழுத்துவோம். "மூணு போட்டா யாரும் நம்மளத் திட்டப்போறதில்ல" என்று பன்னிரண்டாம் நாற்காலிக்காரர் முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார். அவர் முன்னாள் பள்ளி ஆசிரியர். வெட்கமே படாமல் சொன்னார். இப்போது நானும் படுவதில்லை.

சரி, 9. இதை உனக்குச் சொல்லக் கூடாது. சொல்கிறேன். 9 என்றால் மனப்பாடம் செய்து எழுதியது என்று பொருள். ஒருவர் அழுத்தினால் போதும், இரண்டாம் ஆள் அந்தத் தாளைப் பார்க்க மாட்டார். இயந்திரம் பழைய தாள்களோடு ஒப்பிட்டு ஒத்துப்போனால் "ஆம்" என்று சொல்லிவிடும். உடனே பூஜ்யம். மறுநாள் காலைக் கோப்பில் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடும்.

கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன், கோபப்படாதே. எங்கேயாவது பார்த்து எழுதினாயா? ஒரு வரி, இரண்டு வரி? உண்மையைச் சொன்னால் என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம்.

அக்கா

·

மார்ச் 12

அக்கா,

நல்லா கேட்ட. வெளியில எவனோ கேட்டா செருப்பால அடிப்பேன். நீ கேட்டுட்ட, என்ன பண்றது.

உன் லெட்டரை அம்மா தையல் மிஷின் பக்கத்துல வச்சுப் படிச்சேன். "அக்கா என்னடி சொல்றா"ன்னு கேட்டாங்க. "நான் திருடின்னு சொல்றா"ன்னேன். மிஷினை நிறுத்திட்டாங்க. "அவளா சொன்னா?" "அழகா, கோபப்படாதன்னு சேத்து சொல்றா." அம்மா ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொன்னாங்க: "எட்டு வயசுல அவ ஹோம்வொர்க்கையும் சேத்து நீதான எழுதிக் குடுத்த, அதை ஞாபகப்படுத்து." ஞாபகப்படுத்திட்டேன்.

நேத்து பரீட்சைக் கம்பெனியோட உதவி மையத்துக்குப் போனேன். ஒரு கண்ணாடித் தடுப்பு, அதுல ஒரு ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர். குனிஞ்சுதான் பேசணும். வேணும்னே அந்த உயரத்துல வச்சிருக்கானுங்க.

"சார், எனக்குப் பூஜ்யம் வந்திருக்கு."

"ஆமா, தெரியுது."

"ஏன்னு தெரியலையே."

"9 போட்டிருக்கு."

"9னா என்ன சார்?"

"அதை நாங்க சொல்ல மாட்டோம்."

"மறுபடி திருத்தச் சொல்லலாமா?"

"சொல்லலாம். திருத்துறவருக்கும் 9 தெரியும். 9ஐப் பாத்துட்டு யாரும் பேப்பரைத் தொறக்க மாட்டாங்க." இதைச் சொல்லும்போது பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாருக்கா. தூள் என் ஃபாரத்து மேல விழுந்துச்சு. துடைக்கக்கூட இல்ல.

"அனுப்பின மார்க்கைத் திருப்பி வாங்க முடியாதா?"

"அனுப்பினது அனுப்பினதுதான்மா."

நான் என்ன எழுதினேன்னு உனக்குச் சொல்றேன், நீயே பாரு. இங்கிலீஷ்ல எழுதினது, தமிழ்ல போடறேன். மொத வரி: "ஓர் இடத்தை மூடுவதற்கு முன், அங்கே யாரெல்லாம் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்." இது என் வரி. என் சொந்த வரி. போன வருஷம் ஜூலையில, அறிவிப்பாளரம்மாவோட ஸ்டேஷனை மூடுற எபிசோடு வந்தப்ப, அதைப் பாத்த கோவத்துல ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதினேன். சீரியலுக்கு வரி போட்டு இங்கிலீஷ் கத்துக்கிற நம்ம வரிக்கூட்டம் குரூப்ல போட்டேன். பதினோராயிரம் பேரு இருக்கிற குரூப்பு. "குருவி எழுதின மாதிரி எழுதுங்கடா"ன்னு அட்மின் மேல குத்தி வச்சாரு. பரீட்சையில அதே மாதிரி கேள்வி வந்ததும் அந்த வரி தானா வந்துச்சு. வேற எந்த வரி வரும்? அதை யோசிச்சவளே நான்தானே. அதுக்கப்புறம் வர்ற நாலு பத்தியும் அந்த ரூம்ல உக்காந்து புதுசா எழுதினது.

உனக்கும் அந்தக் கட்டுரையை அனுப்பினேனே. நீ ஒரு கட்டைவிரல் போட்ட.

இதுல எதை, எவன்கிட்டயிருந்து நான் மனப்பாடம் பண்ணினேன்? சொல்லு.

குருவி

·

மார்ச் 16

குருவி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

எங்கள் அறையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. மனப்பாட வரிகளை நீளமாக வெட்டி, எண் போட்டு அதில் குத்தி வைப்போம். அதில் உள்ள வரி தாளில் வந்தால் 9 அழுத்த வேண்டும். பதினேழாவது வரி, "ஓர் இடத்தை மூடுவதற்கு முன்" என்று தொடங்குகிறது.

அதைக் குத்தியது நான்.

ஜனவரியில் ஒரே வாரத்தில் ஆறு தாளில் அந்த வரியைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். "பரவாயில்லையே, உனக்குக் கண்ணு நல்லா இருக்கு" என்றார். அந்த மாதம் எனக்கு ஒரு பீங்கான் கோப்பை கொடுத்தார்கள். "இந்த மாதத்தின் கூர்ந்த கண்" என்று எழுதியிருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். அதில்தான் இத்தனை நாளாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் என் வேலைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 22, காலை, 4416. திறந்தது முதல் அழுத்தியது வரை பதினோரு விநாடி. முதல் வரியைப் படித்தேன், பலகையை நினைத்தேன், 9. இரண்டாம் வரிக்குக் கண் போகவே இல்லை. இயந்திரம் அந்த ஆறு தாளோடு ஒப்பிட்டு "ஆம்" என்றது. யார் முதலில் எழுதினார்கள் என்று அதற்குத் தெரியாது. யார் முதலில் பரீட்சை எழுதினார்கள் என்று மட்டும்தான் தெரியும். உன்னுடையதைத் திருடியவர்கள் உனக்கு முன்னால் எழுதிவிட்டார்கள். அதனால் அதன் கணக்கில் நீதான் திருடி.

போன ஜூலையில் நீ அனுப்பிய கட்டுரையை நான் படிக்கவில்லை. பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். நீளமாக இருந்தது. கட்டைவிரல் போட்டுவிட்டு மூடினேன். ஒரு வரி, முதல் வரி மட்டும் படித்திருந்தால்கூட ஜனவரியில் அது எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று நின்றிருப்பேன்.

அந்தக் கோப்பையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். 

தவறாக 9 போட்டவரே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் தாளைத் திறப்பார்கள். வேறு வழி இல்லை. ஆனால் 9 விஷயத்தில் தவறு என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தம் அன்றோடு முடியும். அறை வாடகை, அம்மாவின் மருந்து, எல்லாம் இந்த நாற்காலியில்தான் நிற்கிறது. சாக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் கொடு. யோசிக்கிறேன்.

அக்கா

·

மார்ச் 20

உனக்கு,

அக்கான்னு எழுத வரல, மன்னிச்சுக்கோ.

உன் லெட்டர் வந்த அன்னிக்கே உன் நம்பரை ஃபோன்ல பிளாக் பண்ணிட்டேன். நீ எப்படியும் பேசப் போறதில்ல, இருந்தாலும் எனக்கு ஒரு திருப்தி.

குரூப்ல ஒரே ஒரு கேள்வி போட்டேன்: "காத்திருக்கிறார்கள் வரியைப் பரீட்சையில எழுதினவங்க கை தூக்குங்க." நாப்பத்தியொரு பேரு தூக்கினாங்க. பெருமையா தூக்கினாங்க. "குருவி வரி எழுதி ஜெயிச்சோம்"னு ஒருத்தன் நெருப்புப் படம் வேற போட்டான். ஒவ்வொருத்தர்கிட்டயும் எப்ப எழுதின, எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டு எழுதி வச்சேன். நீ பலகையில குத்துறதுக்கு முன்னாடி எழுதின பதினஞ்சு பேருக்கு 22, 25, 28. குத்தினதுக்கப்புறம் எழுதின இருபத்தாறு பேருக்குப் பூஜ்யம். அதே வரி. நடுவுல ஒரு குண்டூசி.

அந்தப் பதினஞ்சு பேர்ல ஒருத்தன் தொப்பி. உனக்குத் தெரியும், லைவ் வரும்போதெல்லாம் தொப்பி போட்டுக்கிட்டு வருவானே. அவன் டிசம்பர்ல எழுதினான். 25. எந்தப் படிப்பு தெரியுமா? என் படிப்பு. எந்த யூனிவர்சிட்டி? என் யூனிவர்சிட்டி.

"சாரி குருவி, நீ எழுதினது அவ்வளவு நல்லா இருந்துச்சு, அதான்"னு வாய்ஸ் நோட் அனுப்பினான். பின்னாடி யாரோ சிரிக்கிற சத்தம். "எனக்கு 9 வந்துச்சுடா"ன்னேன். "அய்யய்யோ, நீயும் காப்பியா?"ன்னு கேட்டான்க்கா. அவன் கேட்டான்.

பாரு, அக்கான்னு எழுதிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போறதில்ல, இருக்கட்டும்.

யூனிவர்சிட்டி அட்மிஷன் ஆபீசுக்கும் போனேன். அங்க ஒரு கிளார்க் மேடம். நல்லவங்க மாதிரிதான் இருந்தாங்க, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. "பாரும்மா, ஃபைல் தினம் காலையில வருது, மிஷினே எடுத்துக்குது. நான் பாக்கிறது உன் நம்பர், நாலு கட்டம், ஒரு மொத்தம். அவ்வளவுதான்."

"9னு ஒன்னு இருக்கே மேடம்?"

"9ஆ? எங்களுக்கு அப்படி ஒரு கட்டமே இல்லையே."

அவங்களுக்கு நான் காப்பி அடிச்சவகூட இல்ல. காப்பி அடிச்சவன்னு தெரிஞ்சாலாவது சண்டை போடலாம். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை எழுதத் தெரியாதவன்னு வச்சிருக்காங்க. ஸ்பீக்கிங்ல 26 வாங்கினவளுக்கு எழுத மட்டும் வராதான்னு ஒரு ஜீவனுக்குக்கூடத் தோணல. கூட்டிப் பாத்து 81னு போட்டு வச்சிருக்கு. 

அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழ வச்சாங்க. அப்புறம், "ஒரு நூலு வேற துணியில இருந்து வந்திருக்குன்னு சந்தேகம் வந்தா சட்டையவே எரிச்சுடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. "அது உன் நூலேதானடி."

உன் அம்மாவுக்கு மருந்து வேணும்னு எனக்கும் தெரியும். பெரியம்மா என்னையும்தான் தூக்கி வளத்தாங்க. அதனால நான் கெஞ்சப் போறதில்ல, மிரட்டப் போறதில்ல. 31க்கு முன்னாடி சீட்டு எழுதுவியா மாட்டியா. ஒரே வரியில பதில். நீளமா எழுதினா நான் படிக்க மாட்டேன், கட்டைவிரல் போட்டுருவேன்.

குருவி

·

மார்ச் 26

குருவி,

எழுதிவிட்டேன்.

ஒரு வரி கேட்டாய், அதுதான் அந்த வரி. கீழே இருப்பதைப் படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம்.

முதலில் உண்மையைத்தான் எழுதிக்கொண்டு போனேன். "பதினேழாவது வரியை முதலில் எழுதியவரே இந்தத் தேர்வர். பலகையில் குத்தியதே தவறு." மேடம் படித்தார். கதவைச் சாத்தினார்.

"இதை நான் மேல அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா? இது கொள்கை விஷயம். கமிட்டிக்குப் போகும். கமிட்டி ஜூன்ல கூடும்."

"லிஸ்ட் 31ஆம் தேதி மேடம்."

"அதான் சொல்றேன். கை தவறி 9 அழுத்திட்டேன்னு எழுது. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"பலகையில இருக்கிற வரி?"

"அது இருக்கட்டும். அதை ஏன் இழுக்கிற? உனக்கு உன் ஆளு வேணுமா, நியாயம் வேணுமா?"

உன்னை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இதற்கு முன்னும் பலருக்கு இதே வரியைச் சொல்லிக் கொடுத்த முகம். ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "கை தவறி அழுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று பயம்.

சீட்டுக் கொடுத்தவர் எதிரிலேயே தாளைத் திறக்க வேண்டும் என்பது விதி. அப்போதுதான் முழுவதும் படித்தேன். ஆறு நிமிடம் ஆயிற்று. யாரும் கடிகாரம் வைக்கவில்லை. மூன்றாம் பத்தியில், பஸ் ஸ்டாண்ட் கழிவறை வாசலில் உட்காரும் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். எந்தப் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று அறிவிப்புப் பலகையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், புதுக் கடைத்தெருவில் அவருக்கு எந்தக் கடை கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு ஆண்டுகளில் நான் திருத்திய பல்லாயிரம் தாளில் இப்படி ஒரு பத்தி வந்ததில்லை. வந்திருக்கலாம். தொண்ணூறு விநாடியில் எனக்குத் தெரிந்திருக்காது.

புதிதாக இரண்டு பேர் திருத்தினார்கள். ஐந்து, நாலு. 28. மொத்தம் 109. இன்று காலைக் கோப்பில் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாற்காலிக்காரர் வாசல்வரை வந்தார். "பேசாம மூணு போட்டிருக்கலாமேம்மா" என்றார். அட்டையைக் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது. மாத முடிவில் அறையைக் காலி செய்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பலகையில் பதினேழு அப்படியேதான் இருக்கிறது. பிய்க்கக் கை நீட்டினேன். மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

அக்கா

·

ஏப்ரல் 1

அக்கா,

முழுசா படிச்சேன். ரெண்டு தடவை.

லிஸ்ட் நேத்து வந்துச்சு. நான் அடிப்படை ஆங்கிலத்துல இருக்கேன். வரிசை எண் மூணு. தொப்பி மொழிபெயர்ப்புல இருக்கான். வரிசை எண் ஏழு.

ஓடினேன் அட்மிஷன் ஆபீசுக்கு. அதே கிளார்க் மேடம். "28 வந்திருக்கணுமே மேடம், 26ஆம் தேதி ஃபைல்ல"ன்னேன். தேடினாங்க. எங்கயோ போய், இன்னும் எங்கயோ போய், ஸ்கிரீன் மூலையில ஒரு டப்பாவைத் தொறந்தாங்க. "இங்க கிடக்குது. ஒரே நம்பர், ஒரே பரீட்சைத் தேதின்னா மிஷின் மொத வந்ததை மட்டும்தான் எடுக்கும். ரெண்டாவதை ரெட்டைப் பதிவுன்னு இதுல போட்டுரும்."

"இந்த டப்பாவை யாரு பாப்பாங்க மேடம்?"

மேலயும் கீழயும் உருட்டிப் பாத்தாங்க பாவம். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா."

ஸ்கிரீன்ல அந்த டப்பா கீழ போய்க்கிட்டே இருந்துச்சுக்கா. எத்தனை நம்பர். எல்லாம் எவனோ தப்புன்னு ஒத்துக்கிட்டு, திருத்தி, அனுப்பி, ஒருத்தரும் தொறக்காத மார்க்கு. நீ வேலையை விட்டுட்டு எழுதின சீட்டால வந்த என் 28 அதுல நூத்து நாப்பத்திமூணாவது.  வெளியில வந்து குழாயில முகம் கழுவினேன்.

ஆக, பொய் சொல்லியும் வேலைக்காகல. இனிமே உண்மையைச் சொல்லிப் பாத்துடலாம், அது ஒன்னுதான் மிச்சம். மார்க் பொய் இல்ல, ரெண்டு பேரு படிச்சுத்தான போட்டாங்க. காரணம்தான் பொய். அந்தக் காரணத்தை மாத்துவோம்.

ஆட்சேபணை ஏப்ரல் 10 வரைக்கும் நேர்ல வந்து குடுக்கலாமாம். நேர்ல வந்தா அந்த டப்பாவைத் தொறந்தே ஆகணும்னு அவங்க விதியிலயே இருக்கு. கிளார்க் மேடமே பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. அதுவரைக்கும் என் சீட்டை யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு.

குரூப்ல போடப் போறதை இங்க எழுதறேன், சரியா இருக்கான்னு பாரு:

"வரிக்கூட்டத்துக்கு. காத்திருக்கிறார்கள் வரி என்னுது. எடுத்தவங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, அதை அப்புறம் வச்சுக்கிறேன். ஒரு வரிக்காக நாலு பத்தியையும் படிக்காம பூஜ்யம் போடறது அதைவிடக் கேவலம். 9 வந்த இருபத்தாறு பேரும், 9 வராத பதினஞ்சு பேரும் ஏப்ரல் 6, திங்கள், காலை பத்து மணிக்கு அட்மிஷன் ஆபீஸ் வாசலுக்கு வாங்க. மார்க் பேப்பரைப் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. ஒரே வரிக்கு 28ம் பூஜ்யமும் பக்கத்துல பக்கத்துல அவங்க மேசையில கிடக்கணும். தொப்பி, நீயும் வர்ற. தொப்பி இல்லாம வா. வேற குரூப்ல 9 வந்தவங்க இருப்பாங்க, அவங்க கண்ணுல படுற வரைக்கும் இதை ஷேர் பண்ணுங்க."

இதுக்குக் கீழ நம்ம லெட்டர் ஏழையும் போட்டோ எடுத்துப் போடணும். நான் உனக்கு எழுதினது எல்லாத்தையும் நீதான் வச்சிருப்ப, எடுத்துட்டு வா. பலகை, கோப்பை, பதினோரு விநாடி, கை தவறினது, எல்லாம் வெளிய வரும். உன்னோட பொய்யும் வரும். உன்னைத் திட்டுவானுங்க. இனிமே எந்த மார்க் ஆபீசும் உன்னைச் சேத்துக்காது. அதனால நீ சரின்னு சொன்னாத்தான் போடுவேன். நீ என்னைக் கேக்காம எழுதின. நான் கேக்கிறேன்.

அந்தக் கோப்பையையும் எடுத்துட்டு வா. மேசையில அதுவும் இருக்கட்டும். பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துரு, அம்மா மிஷினை ஓரமா தள்ளி இடம் பண்ணிட்டாங்க. பெரியம்மாகிட்ட அவங்களே சொல்லிக்கிறாங்களாம்.

நம்பரை அன்பிளாக் பண்ணிட்டேன். ஆனா இதுக்குப் பேப்பர்லயே பதில் போடு, முழுசா படிச்சுட்டு. கட்டைவிரல் வேண்டாம்.

குருவி